பீப்பாய் விலை பாதிக் கணக்குதான்: அமெரிக்காவில் பெட்ரோல் ஏன் ரகத்துக்கு ஒரு விலை, ஊருக்கு ஒரு விலை

2008 ஜூலைத் தொடக்கத்தில் அமெரிக்கக் கச்சா எண்ணெய் பீப்பாய் 145 டாலரைத் தொட்டது. அந்த மாதம் சாதாரண ரகப் பெட்ரோலின் தேசியச் சராசரி எட்டிய உச்சம் கேலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) 4.11 டாலர். 14 ஆண்டுகள் கழித்து, 2022 ஜூன் நடுவில், கச்சா 120 டாலரை ஒட்டித்தான் இருந்தது. ஆனால் பம்பில் சராசரி விலை 5.02 டாலர். கச்சா 25 டாலர் மலிவாக இருந்தும் பெட்ரோல் 90 சென்ட் கூடுதலாக விற்றது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு வகுத்தல் போதும். ஒரு பீப்பாய் என்பது 42 கேலன். எனவே கச்சா ஒரு டாலர் நகர்ந்தால் கேலனுக்கு சுமார் 2.4 சென்ட் நகரும். 10 டாலர் என்றால் 24 சென்ட். 145ஐ 42ஆல் வகுத்தால் 3.45 டாலர். 2008இன் 4.11இல் அதைக் கழித்தால் மீதி 66 சென்ட். அதில் மத்திய, மாநில வரிகள் மட்டும் 50 சென்ட்டை ஒட்டி வரும். ஆக, சுத்திகரிப்பு, குழாய், லாரி, பங்க் உரிமையாளர் எல்லோருக்குமாகச் சேர்த்து மிஞ்சியது 15 சென்ட் சொச்சம். 2022இல் அதே கணக்கைப் போட்டால் கச்சா 2.86 டாலர், மீதி 2.16, வரி போக ஒன்றரை டாலருக்கு மேல். இது தோராயக் கணக்குதான். ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளியைப் பணவீக்கத்தின் தலையில் கட்ட முடியாது.

நடுவில் நடந்தது சுத்திகரிப்புத் திறனின் இழப்பு. 2019 ஜூன் 21 அன்று ஃபிலடெல்ஃபியாவில் நாளொன்றுக்கு 3,35,000 பீப்பாய் கையாண்ட ஆலை வெடித்துத் தீப்பிடித்தது. மறுபடி திறக்கவே இல்லை. அடுத்த ஆண்டு பெருந்தொற்றில் விற்பனை சரிய, வேறு சில ஆலைகள் மூடப்பட்டன. சில தாவர எண்ணெயிலிருந்து டீசல் எடுக்கும் வேலைக்கு மாறின. நாட்டின் மொத்தத் திறன் நாளொன்றுக்கு சுமார் 1.9 கோடி பீப்பாயிலிருந்து 1.8 கோடிக்கு இறங்கியது. மக்கள் மீண்டும் வண்டியை எடுத்தபோது, கூடவே உக்ரைன் போர் வந்து ரஷ்யாவின் எரிபொருள் சரக்கையும் தட்டுப்பாடாக்கியபோது, கச்சா கிடைத்தது. அதைப் பெட்ரோலாக்கும் கோபுரங்கள்தான் போதவில்லை. பற்றாக்குறை எந்தப் படியில் இருக்கிறதோ, லாபமும் அந்தப் படியில்தான் சேரும்.

எதிர்த்திசையிலும் இதையே பார்த்திருக்கிறோம். 2020 ஏப்ரல் 20 அன்று கச்சாவின் முன்பேர விலை, அதாவது பின்னால் கைக்கு வரும் சரக்குக்கு முன்கூட்டியே பேசும் விலை, மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அன்றைக்கும் பம்பில் கேலன் 1.80 டாலரை ஒட்டி விற்றது.

கச்சா விலை அடிமட்டத்தைத் தீர்மானிக்கிறது, அவ்வளவுதான். அதற்கு மேலே ரகத்துக்கு ரகம், ஊருக்கு ஊர் தெரியும் வித்தியாசத்துக்கு இரண்டு கேள்வி கேட்டால் போதும்: அந்தத் தொட்டிக்குள் என்ன கலவை இருக்கவேண்டும் என்று சட்டமும் எஞ்சினும் கேட்கின்றன? அது தீர்ந்துபோனால், அதே கலவையை அங்கே மறுபடி கொண்டுவர எத்தனை நாள் ஆகும்?

87, 89, 93: எண்ணுக்கு ஏன் இத்தனை காசு

பம்பில் மஞ்சள் ஒட்டியில் இருக்கும் எண் ஆக்டேன். இரண்டு வெவ்வேறு ஆய்வகச் சோதனைகளில் கிடைக்கும் மதிப்புகளின் சராசரி அது. பெட்ரோலில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதற்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பில்லை. சிலிண்டருக்குள் அழுத்தப்படும்போது, தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேர்வதற்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதை மட்டும் சொல்லும். பெரும்பாலான மாநிலங்களில் சாதாரண ரகம் 87, இடைரகம் 89, உயர்ரகம் 91 முதல் 93. டென்வர் போன்ற மலைப்பகுதி ஊர்களில் 85உம் விற்கிறார்கள். காற்று மெலிந்த உயரத்தில் பழைய கார்புரேட்டர் எஞ்சின்களுக்கு அது போதுமாக இருந்தது. இன்றைய எஞ்சின்களுக்குக் கையேடு 87 என்று சொன்னால் மலையிலும் 87தான் போடவேண்டும்.

ஆக்டேன் சும்மா வருவதில்லை. கச்சாவை வெறுமனே காய்ச்சி வடித்தால் கிடைக்கும் நாப்தாவின் ஆக்டேன் 60, 70 என்ற அளவில்தான் இருக்கும். அதை வினையூக்கியின் மேல் செலுத்தி மூலக்கூறுகளை வளையமாக்கினால் 'ரிஃபார்மேட்' என்னும் உயர் ஆக்டேன் திரவம் கிடைக்கும். ஆனால் இந்த வேலையில் கொள்ளளவில் ஒரு பங்கு வாயுவாகிப் போய்விடும். வருவதிலும் பென்சீன் இருக்கும், அதற்குத் தனியே சட்ட வரம்பு உண்டு. இன்னொரு வழி 'ஆல்கிலேட்': சிறு வாயு மூலக்கூறுகளை சல்ஃப்யூரிக் அல்லது ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தில் ஒட்டவைத்துச் செய்வது. கலவைக்காரர்கள் கையில் உள்ளதிலேயே மிக நல்ல சரக்கு இதுதான். ஆக்டேன் அதிகம், ஆவியாதல் குறைவு, கந்தகமும் பென்சீனும் கிட்டத்தட்ட இல்லை. விலையும் அதற்கேற்ப. அந்தக் காலத்தில் ஈயச் சேர்மம் சில துளி விட்டு இந்தச் செலவைத் தவிர்த்தார்கள். சாலை வண்டிகளுக்கு அது 1996 முதல் முழுத்தடை. அடுத்து ஆக்டேனைக் கூட்ட வந்த எம்டிபிஇ என்ற சேர்மம் நிலத்தடி நீரில் கலந்து கெட்ட பெயர் வாங்கி, 2006 வாக்கில் சந்தையை விட்டுப் போனது. இப்போது அந்த இடத்தில் எத்தனால். ஆலைகள் 84 ஆக்டேனில் ஓர் அடிப்பெட்ரோல் செய்து அனுப்ப, 10 விழுக்காடு எத்தனால் சேர்ந்ததும் அது 87 ஆகிவிடுகிறது.

2000களின் தொடக்கத்தில் உயர்ரகத்துக்கும் சாதாரண ரகத்துக்கும் இடையே கேலனுக்கு சுமார் 20 சென்ட்தான் வித்தியாசம். இப்போது தேசியச் சராசரியில் 80 சென்ட்டைத் தாண்டிவிட்டது. 15 கேலன் தொட்டியை நிரப்பினால் 12 டாலருக்கு மேல். நான்கு காரணங்கள் ஒரே திசையில் இழுத்தன. பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கும் ஷேல் வயல்களின் இலேசான எண்ணெய் தரும் நாப்தா ஏராளம், ஆனால் ஆக்டேன் குறைவு. 2017 முதல் பெட்ரோலில் கந்தகம் சராசரியாக பத்து லட்சத்துக்கு 10 பங்குக்குள் இருக்கவேண்டும் என்றது புதிய விதி; கந்தகத்தை நீக்க ஹைட்ரஜன் செலுத்தும்போது ஆக்டேனும் கொஞ்சம் கரைகிறது, அதை ஈடுகட்ட ஆல்கிலேட் வேண்டும். எரிபொருள் மிச்சம் பிடிக்கவென்று கார் நிறுவனங்கள் சிறிய டர்போ எஞ்சின்களுக்கு மாறின; அவற்றில் பல உயர்ரகம் கேட்கின்றன. நான்காவதைப் பங்க் நடத்துபவர்கள் வெளியே சொல்வதில்லை: உயர்ரகம் வாங்குகிறவர் தெருமுனைப் பலகையைப் பார்த்து அடுத்த பங்குக்குப் போவதில்லை. அந்தப் பலகையில் பெரிய எழுத்தில் இருப்பது சாதாரண ரகத்தின் விலை மட்டுமே.

இடைரகம் இன்னும் சுவாரசியம். பெரும்பாலான பங்குகளில் 89க்கென்று தனித் தொட்டியே கிடையாது. நிலத்தடியில் 87க்கு ஒன்று, 93க்கு ஒன்று. இரண்டையும் பம்புக்குள் இருக்கும் வால்வு கலந்து விடுகிறது. 87உடன் 93 கலந்து 89 வரவேண்டுமென்றால் மூன்றில் ஒரு பங்கு உயர்ரகம் போதும். உயர்ரகம் 91 என்றால் பாதிக்குப் பாதி. சாதாரண ரகம் 3.00 டாலர், 93 ரகம் 3.90 டாலர் என்று வைத்துக்கொண்டால், இடைரகத்தின் நியாயமான விலை 3.30. பலகையில் 3.50 என்றிருந்தால் அந்த 20 சென்ட் வால்வுக்கான கூலி என்று எடுத்துக்கொள்ளலாம்.

கையேட்டில் உயர்ரகம் 'கட்டாயம்' என்றிருந்தால் போட்டுத்தான் ஆகவேண்டும். 'பரிந்துரை' என்றிருந்தால் 87லும் ஓடும்; பெட்ரோல் தானாகப் பற்றுவதைக் கண்டுபிடிக்கும் தட்டல் உணரி தீப்பொறி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளிச் சமாளிக்கும், இழுவையும் மைலேஜும் கொஞ்சம் குறையும். 87 போதும் என்று சொல்லும் வண்டிக்கு 93 ஊற்றுவதால் எந்த நன்மையும் இல்லை. அப்படி ஊற்றியே அமெரிக்கர்கள் ஓராண்டில் 210 கோடி டாலர் வீணாக்குகிறார்கள் என்று 2016இல் டிரிபிள் ஏ வாகன ஓட்டிகள் சங்கம் மதிப்பிட்டது.

வசந்தத்தில் ஏன் ஏறுகிறது

பிப்ரவரியிலிருந்து மே வரை விலை ஏறுவதைப் பார்த்ததும் விடுமுறைப் பயணக் கூட்டத்தைக் காரணம் சொல்வது வழக்கம். பாதி உண்மை. மீதிக் காரணம் பியூட்டேன்.

பெட்ரோல் எவ்வளவு எளிதில் ஆவியாகும் என்பதை ரீட் ஆவியழுத்தம் என்ற அளவால் குறிக்கிறார்கள். குளிர்காலத்தில் எஞ்சின் உடனே பற்றிக்கொள்ள அதிக ஆவி வேண்டும். வடமாநிலங்களில் 15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) வரை போகும். கோடையில் அதே பெட்ரோல் தொட்டியிலிருந்து கிளம்பிப்போய்ப் புகைமூட்டத்துக்குத் தீனி ஆகும். அதனால் கோடையில் மத்திய அரசின் உச்சவரம்பு 9.0, காற்று மோசமான சில பகுதிகளில் 7.8; பெருநகரங்களுக்கென்று 1995 முதல் விதிக்கப்பட்ட, காற்றைக் குறைவாக மாசுபடுத்தும் 'மறுசீரமைத்த பெட்ரோலுக்கு' 7.4. ஆலைகளும், லாரிக்குச் சரக்கேற்றும் கிடங்குகளான டெர்மினல்களும் மே 1க்குள், பெட்ரோல் பங்குகள் ஜூன் 1க்குள் மாறியாக வேண்டும். செப்டம்பர் 15 வரை இது தொடரும்.

பியூட்டேனின் ஆவியழுத்தம் 50 பிஎஸ்ஐக்கும் மேல். மலிவானது, ஆக்டேனும் 90ஐ ஒட்டி இருக்கும். குளிர்காலத்தில் ஆலைகள் அதைத் தாராளமாகக் கலந்து கொள்ளளவைப் பெருக்கிக்கொள்கின்றன. கோடை வந்ததும் வெளியே எடுத்தாக வேண்டும். அப்போது மலிவான கொள்ளளவும் போகிறது, ஆக்டேனும் போகிறது. இரண்டையும் ஈடுகட்ட ஆவியாகாத, ஆக்டேன் மிகுந்த சரக்கு வேண்டும். மறுபடி ஆல்கிலேட். உயர்ரகமும் அதைத்தான் கேட்கிறது. நாடு முழுக்க ஒரே மாதத்தில் எல்லோரும் ஒரே பொருளைத் தேடுகிறார்கள்.

இதோடு இரண்டு சேர்ந்துகொள்கின்றன. ஆலைகளின் பராமரிப்பு நிறுத்தம் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. டெர்மினல் தொட்டிகளில் பழைய குளிர்காலச் சரக்கை அடிமட்டம்வரை இறக்கிவிட்டுத்தான் கோடைச் சரக்கை ஏற்றமுடியும். இல்லாவிட்டால் மிச்சமிருக்கும் பியூட்டேன் புதுச் சரக்கையும் வரம்புக்கு மேலே தள்ளிவிடும். ஆக, இருப்பு மிகக் குறைவாக இருக்கும் அந்த வாரங்களில் ஓர் ஆலையில் தீ என்றால் விலை துள்ளும்.

எத்தனாலும் இங்கே குறுக்கே வரும். 10 விழுக்காடு சேர்த்தால் கலவையின் ஆவியழுத்தம் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ கூடும். சாதாரண பெட்ரோலுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் அந்த 1 பிஎஸ்ஐயை மன்னிக்கிறது. மறுசீரமைத்த பெட்ரோலுக்கு மன்னிப்பதில்லை. அங்கே அடிப்பெட்ரோலையே 6 பிஎஸ்ஐயை ஒட்டிச் செய்யவேண்டும். ஒரு பெருநகரின் எல்லைக்குள் விலை அதிகமாகவும் எல்லைக்கு வெளியே குறைவாகவும் இருப்பதற்கு வரிக்கு அடுத்த காரணம் பெரும்பாலும் இதுதான்.

குழாய் எங்கே முடிகிறது

நாட்டின் சுத்திகரிப்புத் திறனில் பாதிக்கு மேல் டெக்சாஸ், லூசியானாவை உள்ளடக்கிய மெக்சிகோ வளைகுடாக் கரையில் இருக்கிறது. அங்கிருந்து குழாயில் எவ்வளவு தூரம் என்பதை வைத்தே விலை வரைபடத்தின் பெரும்பகுதியைப் போட்டுவிடலாம். இரண்டாம் உலகப் போர்க்கால ரேஷனுக்காக நாட்டை ஐந்து எண்ணெய் மாவட்டங்களாகப் பிரித்தார்கள். அரசின் வாராந்திரப் புள்ளிவிவரம் இன்றும் அந்தக் கோடுகளின்படிதான் வருகிறது.

கிழக்குக் கடற்கரை கலோனியல் பைப்லைனை நம்பியிருக்கிறது. ஹூஸ்டனிலிருந்து நியூ ஜெர்சிவரை ஓடும் 5,500 மைல் அமைப்பு. அந்தக் கரையின் எரிபொருளில் சுமார் 45 விழுக்காடு அதில் வருகிறது. உள்ளே சரக்கு நடை வேகத்தில்தான் நகரும். ஹூஸ்டனில் ஏற்றியது நியூயார்க் துறைமுகம் சேர 18 நாள் போல ஆகும். வெவ்வேறு ரகங்கள் நடுவில் தடுப்பு எதுவுமின்றி ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளப்படுகின்றன. இரண்டும் கலக்கும் இடத்தைத் தனியே எடுத்து மீண்டும் ஆலைக்கு அனுப்புவார்கள். 2021 மே 7 அன்று கணினித் தாக்குதலால் அந்தக் குழாய் நின்றது. ஐந்து நாள் கழித்துத்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. அதற்குள் வட கரோலினாவில் பாதிக்கும் மேற்பட்ட பங்குகள் காலி. ஆலைகளில் பெட்ரோலுக்குப் பஞ்சமே இல்லை, வர வழிதான் இல்லை.

கப்பலில் அனுப்பலாமே என்றால் 1920ஆம் ஆண்டின் ஜோன்ஸ் சட்டம் குறுக்கே நிற்கிறது. இரண்டு அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே சரக்கேற்றும் கப்பல் அமெரிக்காவில் கட்டப்பட்டு, அமெரிக்கர்களுக்குச் சொந்தமாகி, அமெரிக்க மாலுமிகளால் ஓட்டப்படவேண்டும். அப்படிப்பட்ட டேங்கர்கள் சொற்பம், வாடகை அதிகம். அதனால் ஹூஸ்டன் பெட்ரோல் மெக்சிகோவுக்குக் கப்பலேறுகிறது. பாஸ்டனுக்குக் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்து இறங்குகிறது. பைத்தியக்காரத்தனம்போலத் தோன்றினாலும் சரக்குக் கட்டணக் கணக்கு அதைத்தான் சொல்கிறது.

மத்திய மேற்கில் கதை வேறு. அங்கே வழக்கமாக விலை குறைவு; ஆனால் சில பெரிய ஆலைகளையே நம்பியிருப்பதால் திடீர்க் குதி அதிகம். 2015 ஆகஸ்டில் இந்தியானாவின் வைட்டிங் ஆலையில் முக்கியமான கச்சா வடிப்பு அலகு பழுதானபோது, உலகச் சந்தையில் கச்சா விழுந்துகொண்டிருந்த அதே வாரத்தில் சிகாகோ சுற்றுவட்டாரத்தில் பெட்ரோல் அரை டாலருக்கு மேல் ஏறியது.

கலிபோர்னியாவில் இரண்டு கேள்விகளுக்கும் மோசமான விடை. கலவையும் தனி, வழியும் இல்லை. மாநிலத்தின் காற்று வாரியம் விதித்த கலவையை வேறு எங்கும் வழக்கமாகச் செய்வதில்லை. தெற்குக் கலிபோர்னியாவில் கோடைக் கலவைக் காலமே ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நீள்கிறது. மலைத்தொடரைத் தாண்டி மாநிலத்துக்குள் பெட்ரோல் கொண்டுவரும் குழாய் ஒன்றுகூடக் கிடையாது. இருக்கும் குழாய்கள் கலிபோர்னியாவிலிருந்து நெவாடாவுக்கும் அரிசோனாவுக்கும் வெளியே கொண்டுபோகின்றன. ஆலை ஒன்று நின்றால் ஆசியாவிலிருந்து கப்பல் வர மூன்று நான்கு வாரம். 2015 பிப்ரவரி 18 அன்று டாரன்ஸ் ஆலையில் நிகழ்ந்த வெடிப்பு இப்படித்தான் அந்த ஆண்டின் பெரும்பகுதியை விலையேற்றமாக்கியது.

அங்கே கலவை விதியின் விலை எவ்வளவு என்று காட்டிய நிகழ்ச்சிகளும் உண்டு. 2012 அக்டோபரில் ஆலைக் கோளாறுகளால் விலை எகிறியபோது ஆளுநர் ஜெர்ரி பிரவுன், குளிர்காலக் கலவையை முன்கூட்டியே விற்க அனுமதிக்கச் சொன்னார். 2023 செப்டம்பர் இறுதியில் அப்போதைய ஆளுநர் கேவின் நியூசம் அதையே செய்தார். இரண்டு முறையும் மொத்த விலை வேகமாக இறங்கியது. கச்சாவும் ஆலையும் மாறவில்லை. பியூட்டேனுக்குக் கதவு திறந்தது.

கலிபோர்னியாவின் எக்சைஸ் வரி 2025 ஜூலையில் கேலனுக்கு 61.2 சென்ட் ஆனது, அதன்மேல் கார்பன் திட்டங்களின் செலவு. அலாஸ்காவில் இதே வரி 9 சென்ட்கூட இல்லை. மத்திய வரி எங்கும் 18.4 சென்ட், 1993க்குப் பிறகு மாறவே இல்லை. ஆனால் வரி, கலவை, கார்பன் எல்லாம் கழித்த பின்னும் 2015க்குப் பிறகு கலிபோர்னிய விலையில் விளக்கமுடியாத ஒரு மிச்சம் நிற்கிறது. பெர்க்லி பொருளியலாளர் செவரின் போரன்ஸ்டைன் அதற்கு 'மர்மக் கூடுதல்' என்றே பெயர் வைத்தார். மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் நடுவில்தான் அதன் பெரும்பகுதி இருக்கிறது. கச்சாவைக் காரணம் காட்ட அங்கே இடமில்லை.

டெர்மினலிலிருந்து பம்ப்வரை

எல்லா பிராண்டும் ஒரே தொட்டியிலிருந்து வருகிறது என்று சொல்வார்கள். ஏறக்குறைய சரி. டேங்கர் ஓட்டுநர் டெர்மினலில் அட்டையைத் தேய்த்து, ஏற்றுகையை லாரியின் அடியில் பொருத்துகிறார். பொதுத் தொட்டியிலிருந்து அடிப்பெட்ரோல் வருகிறது. மீட்டர் வழியே 10 விழுக்காடு எத்தனால் சேர்கிறது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் என்பதால் அதைப் பெட்ரோல் குழாயில் அனுப்பாமல் இங்கேதான் கலக்கிறார்கள். கடைசியில் அந்தந்த பிராண்டின் துப்புரவு ரசாயனம் துளியளவு சேர்கிறது. 8,500 கேலன் ஏறியதும் லாரி கிளம்புகிறது.

அங்கே போடப்படும் விலைக்கு 'ரேக்' விலை என்று பெயர். பிராண்ட் ஒப்பந்தம் உள்ளவருக்கு ஒன்று, இல்லாதவருக்கு ஒன்று. சாதாரண நாளில் ஒப்பந்தமில்லாதவருக்குச் சில சென்ட் மலிவு. தட்டுப்பாடு வந்தால் தலைகீழ்: ஒப்பந்தக்காரருக்கு முதலில் ஒதுக்குவார்கள், மற்றவர் விலை அதைத் தாண்டிப் பறக்கும். வழக்கமாக மிக மலிவாக விற்கும் பெயரில்லாத பங்க் முதலில் பூட்டுவதும், எப்போதும் விலை அதிகமான பிராண்ட் பங்கில் சரக்கு இருப்பதும் இதனால்தான்.

ரேக் விலை ஒரே இரவில் 12 சென்ட் ஏறினால் அடுத்த லாரிக்கு 1,020 டாலர் கூடுதலாகக் கட்டவேண்டும். தொட்டியில் பழைய விலைச் சரக்கு இருந்தும் பங்க்காரர் காலையிலேயே பலகையை மாற்றுவது அந்தப் பணத்துக்காக. இறங்கும்போது அந்த அவசரம் யாருக்கும் இல்லை. எதிர்ப்பங்க் இறக்கும்வரை பார்த்திருப்பார். ஏறும்போது ராக்கெட், இறங்கும்போது இறகு என்று பொருளியலாளர்கள் இதைச் சொல்கிறார்கள். தரவுகளும் அதை உறுதிசெய்திருக்கின்றன. பங்க்காரருக்கு நல்ல காசு கிடைப்பது விலை விழும் வாரங்களில். ஏறும் வாரங்களில் பெரும்பாலும் நஷ்டத்தை ஒட்டித்தான் ஓட்டுகிறார்கள். கிரெடிட் கார்டுக் கட்டணம் 2, 3 விழுக்காடு என்பதால், விலை ஏற ஏற அதுவும் சேர்ந்து ஏறும். பலகையில் ஒவ்வொரு விலைக்கும் பின்னால் ஒட்டியிருக்கும் அந்த 9/10 சென்ட்டும் விளையாட்டல்ல: ஒரு லாரிச் சரக்கில் 76 டாலருக்கு மேல்.

உங்கள் ஊரில் விலை ஏறினால் முதலில் பார்க்கவேண்டியது நியூயார்க் பெட்ரோல் முன்பேர விலை. அதுவும் அதே அளவு ஏறியிருந்தால் காரணம் நாடு தழுவியது. கச்சாவின் ஏற்றத்தை 42ஆல் வகுத்துப் பார்த்தால் அதில் கச்சாவின் பங்கு எவ்வளவு, ஆலையின் பங்கு எவ்வளவு என்று பிரிந்துவிடும். முன்பேரம் அசையாமல் உங்கள் வட்டாரம் மட்டும் ஏறியிருந்தால் ஆலை, குழாய், கலவை மாற்றம் மூன்றில் ஒன்று. அப்போது விலை எப்போது இறங்கும் என்பது மாற்றுச் சரக்கு வரும் வழியைப் பொறுத்தது: குழாய் என்றால் இரண்டு மூன்று வாரம், பசிபிக்கைத் தாண்டிவரும் கப்பல் என்றால் ஒரு மாதம். அதற்குமேல் பம்பின் இறகுவேகத்துக்காக இன்னும் சில வாரம் கூட்டிக்கொள்ளலாம்.